ஊர்க் கணக்கு எங்கே?

விடுமுறை வந்தால் நம்மவர்கள் குற்றாலத்துக்குப் போவார்கள், கொடைக்கானலுக்குப் போவார்கள், கையில் காசு சற்றுத் தாராளமாக இருந்தால் காசி யாத்திரைகூடச் செய்துவிட்டு வருவார்கள். ஆனால் ஊர் பார்ப்பதற்கென்று திருவள்ளூருக்கோ கும்மிடிப்பூண்டிக்கோ டிக்கட்டு வாங்கியவர்களை நாம் இதுவரை கண்டதில்லை. திருவள்ளூருக்குச் செல்பவர்கள் அமாவாசையன்று வீரராகவப் பெருமாளைச் சேவித்து, குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். கும்மிடிப்பூண்டிக்குச் செல்பவர்களோ, ஆலைச் சங்கு ஊதுவதற்குள் போய்ச் சேரவேண்டுமே என்ற கவலையோடு ரயிலில் தொற்றிக்கொண்டு போகிறார்கள். பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். இருப்பதைப் பார்க்க மட்டும் நாம் போகவில்லை. அங்கே இருந்தவை எங்கே போயின என்று தெரிந்துகொள்ளவும் போனோம்.

இந்த விசித்திரமான யாத்திரைக்குக் காரணம் நம்முடைய உத்தியோகந்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை, "எங்கள் ஊரின் வரலாறு" என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னோம். நாற்பது கட்டுரைகள் வந்தன. அவற்றுள் முப்பதுக்கு மேற்பட்டவை தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றியும் ராஜராஜ சோழனைப் பற்றியும் இருந்தன. எழுதிய பிள்ளைகள் யாவரும் திருவள்ளூர் ஜில்லாவில் பிறந்தவர்கள். "சரி, உங்கள் ஊர் ஏரியை யார் வெட்டினார்கள்? உங்கள் தெருவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?" என்று கேட்டால், வகுப்பில் ஊசி விழுந்தாலும் கேட்கும் போன்ற நிசப்தம். குற்றம் பிள்ளைகளுடையதா? அவர்கள் எங்கே போய்ப் படிப்பார்கள்? எந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள்? அந்தப் பெட்டியைத் தேடித்தான் நாம் கிளம்பினோம்.

எழும்பூரிலிருந்து தொடங்குவோம்

ஜில்லாவின் சரித்திரத்தைத் தேடுகிறவன் முதலில் ஜில்லாவை விட்டு வெளியே போகவேண்டியிருக்கிறது! சென்னை எழும்பூரில் சிவப்புச் செங்கல்லால் கட்டிய ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது. 1909-இல் எழுந்தது. முன்பு மதராஸ் ரிக்கார்டு ஆபீஸ் என்று பெயர். இப்போது தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கிழக்கிந்தியக் கம்பெனியார் பதினேழாம் நூற்றாண்டில் எழுதிவைத்த நடவடிக்கைக் குறிப்புகள் தொடங்கி, சர்க்கார் காகிதங்கள் அங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன. ரயில் ஏறி வந்து இறங்கும் ஜனங்களில் நூற்றுக்கு ஒருவராவது அந்தக் கட்டடத்தை இன்னதென்று அறிவார்களோ என்னவோ!

அங்கே நம் ஜில்லாவுக்குச் சொந்தமான ஒரு பொக்கிஷம் இருக்கிறது. ஆற்காட்டு நவாபு 1763-இல் சென்னையைச் சுற்றியுள்ள பெருநிலப் பரப்பைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். செங்கற்பட்டு ஜாகீர் என்று அதற்குப் பெயர். பொன்னேரி, பெரியபாளையம் பக்கத்து ஊர்களெல்லாம் அதில் அடக்கம். கிடைத்த சொத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டாமா? தாமஸ் பார்னார்டு என்ற எஞ்சினியரை அனுப்பினார்கள். அவர் 1767 முதல் 1774 வரை ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஒவ்வோர் ஊரிலும் நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, ஏரி எவ்வளவு, தோப்பு எவ்வளவு, எந்தச் சாதியார் வீடுகள் எத்தனை, களத்து மேட்டில் நெல்லைக் குவித்ததும் கோயிலுக்கு எத்தனை பங்கு, கணக்கனுக்கு எத்தனை, தலையாரிக்கு, வெட்டியானுக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு எத்தனை பங்கு என்று வரிவரியாக அதில் கண்டிருக்கிறது.

வெள்ளைக்காரர் சொந்தமாகக் கண்டுபிடித்த கணக்கா இது? இல்லை. அந்தந்த ஊர்க் கணக்குப்பிள்ளைகள் பனையோலையில் தமிழில் எழுதிய கணக்கே இதற்கு மூலம். அந்த ஓலைகள் இப்போது தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அவற்றின் ஆங்கிலச் சுருக்கம் எழும்பூரில் இருக்கிறது. காந்தி வழியில் நின்ற தரம்பால் என்ற பெரியார், லண்டனிலும் சென்னையிலும் ஆவண அறைகளில் உட்கார்ந்து இத்தகைய காகிதங்களைத் தேடி எடுத்து, "நம்முடைய ஊர்கள் முன்பு எப்படி நடந்தன என்பதற்கு இதோ சாட்சி" என்று நாட்டுக்கு எடுத்துக் காட்டினார். அவருக்குப் பின் சென்னையிலுள்ள கொள்கை ஆய்வு மையத்தார் ஓலைகளைப் படித்துச் சில ஊர்களின் கணக்கைப் புத்தகமாகவும் வெளியிட்டிருக்கிறார்கள்.

இந்தக் கணக்குக்கு இன்னொரு விசேஷம் உண்டு. அது எடுத்து முடிந்து ஆறு வருஷத்தில், 1780-இல், ஹைதர் அலியின் படை கர்நாடகத்துச் சீமையில் இறங்கியது. எத்தனையோ ஊர்கள் பாழாயின. ஆகவே, யுத்தத்துக்கு முன்னால் நம் ஊர்கள் இருந்த கோலத்தைக் காட்டும் படம் அந்த ஓலைகளில்தான் இருக்கிறது. கணக்குப்பிள்ளை எழுத்தாணியை எடுத்திராவிட்டால் அந்தப் படமும் போயிருக்கும்.

பூண்டியில் கிடைத்த கல்

நிற்க. சென்னையிலிருந்து மேற்கே செல்லும் ரயில் பாதை தென்னிந்தியாவிலேயே மூத்த பாதை. 1856 ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா வரையில் வண்டி ஓடத் தொடங்கிற்று. அந்தப் பாதையில் திருவள்ளூரில் இறங்கி, மோட்டார் பஸ்ஸில் பூண்டிக்குப் போனோம்.

பூண்டி நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகரம் என்று பெயர். சென்னை நகரத்தின் மேயராக இருந்தபோது தீரர் சத்தியமூர்த்தி, நகரத்தின் தாகம் தீர்வதற்காகக் கொசஸ்தலை ஆற்றில் அணை கட்டவேண்டுமென்று பாடுபட்டார். 1940-இல் வேலை ஆரம்பமாகி 1944-இல் முடிந்தது. அதற்குள் 1942-ஆம் வருஷத்துப் போராட்டத்தில் அவரைப் பிடித்து அமராவதிச் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உடம்பு நலிந்து, 1943 மார்ச்சு மாதத்தில் காலமானார். நிறைந்த நீரை அவர் கண்ணால் காணவில்லை. கரைமேல் நின்று அலையடிக்கும் தண்ணீரைப் பார்க்கும்போது, இந்த ஒரு விஷயமே நெஞ்சை அடைக்கிறது.

தண்ணீர் வந்தபோது மூழ்கியவையும் உண்டு. கண் பார்வை இழந்த சுந்தரமூர்த்தி நாயனாருக்கு ஊன்றுகோல் கொடுத்த ஈசன் எழுந்தருளியிருந்த திருவெண்பாக்கம் இந்த நீர்ப்பரப்பில்தான் அமிழ்ந்தது. சுவாமியை வேறிடத்துக்கு எழுந்தருளச் செய்து பூண்டியில் கோயில் கட்டியிருக்கிறார்கள். சென்னைக்காரர்கள் குழாயைத் திறந்து ஒரு செம்பு தண்ணீர் பிடிக்கும்போது, அதற்காக ஒரு பழைய ஊர் இடம் விட்டதென்று நினைத்துக்கொள்ள நியாயமிருக்கிறது.

பூண்டியில் தொல்லியல் துறையார் ஒரு சிறு காட்சிச்சாலை வைத்திருக்கிறார்கள். அதிலுள்ள கற்களைப் பார்த்துவிட்டு, "இதற்கா இவ்வளவு தூரம்?" என்று கேட்கிறவர்களும் இருப்பார்கள். பார்வைக்கு உடைந்த கூழாங்கல்தான். ஆனால் அந்தக் கல்லின் கதையைக் கேளுங்கள். 1863-ஆம் வருஷம் மே மாதத்தில் ராபர்ட் புரூஸ் பூட் என்ற பூதத்துவ நிபுணர் பல்லாவரத்தில் ஒரு கல்லைப் பொறுக்கினார். அது தானாக உடைந்த கல்லல்ல, மனிதன் கை செதுக்கிய கோடரி என்று கண்டார். அதே வருஷம் செப்டம்பரில் கிங் என்ற சகாவோடு பூண்டிக்கு அருகில் அத்திரம்பாக்கத்துக்கு வந்தார். ஓடையோரத்தில் அத்தகைய கற்கள் ஏராளமாகக் கிடைத்தன. இந்தியாவில் கற்கால மனிதன் இருந்தானா என்ற கேள்விக்கு இந்த ஓடைகளே பதில் சொல்லின.

பூட் வாழ்நாள் முழுவதும் சேர்த்த கற்களையும் பானை ஓடுகளையும் 1904-இல் சென்னை அரசாங்கக் காட்சிச்சாலை வாங்கிக்கொண்டது. நாம் அவரிடம் மெச்சுவது கற்களைச் சேர்த்ததை மட்டுமல்ல; ஒவ்வொன்றும் எந்த ஊரில் கிடைத்தது என்று குறித்துவைத்ததையே பெரிதும் மெச்சுகிறோம். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் கோடரி வெறும் கல். குறிப்பு இருந்தால் அதுவே சரித்திரம். அவர் எழுதிய அட்டவணை அவர் காலமான பிறகு அச்சாகி, இன்றைக்கும் ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பயன்படுகிறது. 1999 முதல் சாந்தி பப்பு என்ற தமிழகத்து விதுஷியும் அவருடைய குழுவினரும் அதே அத்திரம்பாக்கத்தில் பல வருஷம் தோண்டி ஆராய்ந்தார்கள். அங்கே கோடரி செய்தவர்கள் ஏறக்குறைய பதினைந்து லட்சம் வருஷங்களுக்கு முன் வாழ்ந்தவர்கள் என்று 2011-இல் வெளியிட்டார்கள். நுட்பமான சிறு கருவிகள் செய்யும் முறை 3,85,000 வருஷங்களுக்கு முன்பே அங்கே தோன்றிவிட்டது என்று 2018-இல் மற்றொரு கட்டுரை வந்து, உலகமே திரும்பிப் பார்த்தது. நம் பிள்ளைகள் மட்டும் பார்க்கவில்லை!

ஆலங்காட்டுச் செப்பேடு

மறுநாள் காலை மறுபடி ரயில் ஏறி, அரக்கோணம் போகும் வழியில் திருவாலங்காட்டில் இறங்கினோம். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த தலம். நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளுள் இரத்தின சபை இதுவே. கோயிலின் அழகைப் பற்றி எழுதப் பக்தர்கள் பலர் இருக்கிறார்கள். நாம் போனது ஒரு செப்பேட்டின் ஊரைப் பார்க்க.

1905-ஆம் வருஷம் இந்த ஊரில் முப்பத்தோரு செப்புத் தகடுகள் வளையத்தில் கோத்தபடி வெளிப்பட்டன. ராஜேந்திர சோழன் தன் ஆறாவது ஆட்சியாண்டில், ஏறக்குறைய 1018-இல், பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டு ஈசனுக்குக் கொடுத்த சாசனம் அது. வடமொழியில் சோழர் வம்சாவளி. தமிழில் தானத்தின் விவரம். கிருஷ்ண சாஸ்திரியார் அதை வாசித்து 1920-இல் அச்சிட்டார். சோழ ராஜாக்களின் வரிசையை நிச்சயிப்பதற்கு இந்தச் செப்பேடு எவ்வளவு உதவிற்று என்பது சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரியும். தகடுகள் சென்னைக் காட்சிச்சாலையில் பத்திரமாக இருக்கின்றன.

அக்காலத்தில் ஓர் ஊரைத் தானம் செய்தால், பெண் யானையை எல்லை சுற்றி நடத்தி, கள்ளியும் கல்லும் நாட்டி, எல்லையில் இருக்கும் வாய்க்காலையும் மேட்டையும் ஒன்றுவிடாமல் எழுதுவார்கள். ராஜா கொடுத்தாலும், எழுதவேண்டியதை எழுதாவிட்டால் நிலைக்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாம் கோயிலுக்கு வெளியே ஒரு கடையில் காப்பி சாப்பிடும்போது, "இந்த ஊர்ச் செப்பேடு தெரியுமா?" என்று கேட்டோம். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "கேள்விப்பட்டிருக்கேன் சார். மெட்ராஸுக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்களாமே! அதிலே என்ன எழுதியிருக்குன்னு யாரு எங்களுக்குச் சொன்னாங்க?" என்றார். இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. செப்பேட்டைக் கொண்டுபோனது தப்பல்ல; கொண்டுபோனதனால்தான் அது பிழைத்தது. ஆனால் அதன் நகல் ஒன்றும் அர்த்தமும், ஊரார் கண்ணில் படும்படி ஊரிலே இருக்க வேண்டாமா?

ஊர் எல்லை எழுத்தில் இருப்பது எவ்வளவு முக்கியமென்பதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. அடுத்தாற்போல் இருக்கும் திருத்தணியே சாட்சி. 1911-இல் சித்தூர் ஜில்லா பிறந்தபோது திருத்தணி அதில் சேர்ந்தது. 1953-இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது ஜில்லாவோடு ஆந்திரத்துக்குப் போயிற்று. ம. பொ. சிவஞானமும் வடக்கெல்லைத் தமிழர்களும் நடத்திய போராட்டத்தின் பலனாக, 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பி வந்தது. எந்தக் கிராமத்தில் எந்தப் பாஷை பேசுவோர் எத்தனை பேர் என்ற கணக்குகளை வைத்துக்கொண்டுதான் அந்த வழக்கு நடந்தது. அன்றைக்குக் கணக்கு இல்லாத ஊருக்கு வாய் இல்லை.

வடக்கே போகும் ரயில்

சென்னைக்குத் திரும்பி வடக்குப் பாதையில் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்தோம். எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஸ்டேஷன்கள் வருகின்றன. ஒரு பக்கம் புகைபோக்கிகள். மற்றொரு பக்கம் வயலும் ஏரியும். ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு யுகங்கள் ஒரே சமயத்தில் ஓடுவது போலிருக்கும்.

இந்த வழியில்தான் 1780 ஆகஸ்டில் கர்னல் பெய்லியின் பட்டாளம் தெற்கு நோக்கி வந்தது. ஆகஸ்டு 25-ஆம் தேதி கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்துசேர்ந்தபோது, ஆற்றில் தண்ணீர் அதிகமில்லை. "காலையில் கடக்கலாம்" என்று வடகரையில் கூடாரம் அடித்தார். இரவில் வெள்ளம் வந்துவிட்டது! ஒரு வாரத்துக்கு மேல் அக்கரைக்குப் போக முடியவில்லை. அந்தத் தாமதத்தின் முடிவு செப்டம்பர் 10-ஆம் தேதி பொள்ளிலூரில் தெரிந்தது. ஹைதரும் திப்புவும் சேர்ந்து அந்தப் படையை நிர்மூலமாக்கினார்கள். பெய்லி சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மாண்டார். அந்தப் போரின் சித்திரத்தை அங்குள்ள தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இன்றும் காணலாம். ஓர் இரவு பெருகிய வெள்ளத்தின் தேதிகூட நமக்கு எப்படித் தெரிகிறது? பட்டாளத்தார் எழுதினார்கள், எழுதியதைப் பாதுகாத்தார்கள். அதே இரவில் அதே வெள்ளத்தில் எந்தக் குடியானவனுடைய நாற்றங்கால் போயிற்றென்று யாருக்கும் தெரியாது.

கும்மிடிப்பூண்டியில் இறங்கினால் லாரிகளின் ஊர்வலம். சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகளும் இன்னும் பலவித ஆலைகளும் இருக்கின்றன. தாலுகாவின் உட்பகுதியில் தேர்வாய்கண்டிகையிலும் ஒரு தொழிற்பேட்டை எழுந்திருக்கிறது. வடதேசத்திலிருந்து வந்த இளைஞர்கள் ஹிந்தியிலும் ஒடியாவிலும் பேசிக்கொண்டு சைக்கிளில் போகிறார்கள். ஆலைகள் வேண்டாமென்று நாம் சொல்லவரவில்லை. பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். வேலைக்கு ஆலை வேண்டும். ஆனால் ஆலை வரும்போது ஊரின் முகம் மாறுகிறது. மேய்ச்சல் நிலம் மனையாகிறது, வாய்க்கால் சாலையாகிறது, பத்து வருஷத்துக்குள் பழைய எல்லைக்கல் எங்கிருந்தது என்று சொல்லும் கிழவரும் போய்விடுகிறார். இவ்வளவு வேகமாக மாறும் ஊருக்குத்தான் காகிதம் அதிகம் வேண்டும். இங்கேயோ காகிதம் போகிற வேகந்தான் அதிகமாக இருக்கிறது.

பக்கத்துக் கிராமம் ஒன்றில், பரம்பரையாகக் கர்ணம் வேலை பார்த்த ஒரு குடும்பத்தின் வீட்டுக்குப் போனோம். 1980-இல் சர்க்கார் பரம்பரைக் கிராம உத்தியோகங்களை எடுத்துவிட்டது. ஆபீஸ் கணக்குகள் ஆபீஸுக்குப் போயின. சொந்தக் குறிப்புகளும் பழைய நகல்களும் வீட்டிலேயே தங்கின. பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார் வீட்டுப் பெரியவர். பாதி கரையான் தின்று மண்ணாகக் கிடந்தது. மிச்சத்தில் ஏரி மதகு பழுது பார்த்த செலவுக் கணக்கு ஒன்றும், கூத்து நடத்த வசூலித்த பணத்தின் ஜாபிதா ஒன்றும், பஞ்ச காலத்தில் யார் யாருக்கு எத்தனை படி தானியம் கடன் என்ற குறிப்பும் இருந்தன. "பழைய பேப்பர்காரன் கிலோவுக்குப் பத்து ரூபா சொன்னான். போட்டுடலாமான்னு இருந்தேன் சார்" என்றார் அவர்.

"போட்டுவிடாதீர்கள் ஐயா! உங்கள் ஊருக்கு இருக்கும் சரித்திரமே இதுதான்" என்றோம்.

அவர் சற்று நேரம் பெட்டியையே பார்த்தார். "இதையெல்லாம் யாரு படிக்கப் போறாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் அலட்சியம் இல்லை; ஏக்கம் இருந்தது.

பழவேற்காட்டுக் கல்லறைகள்

பொன்னேரியிலிருந்து கிழக்கே பழவேற்காடு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே படுத்திருக்கும் பழைய துறைமுகம். டச்சுக்காரர்கள் 1610-இல் இங்கே வந்தார்கள். 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரையில் சோழமண்டலக் கரை முழுவதிலும் அவர்களுடைய வியாபாரத்துக்கு இதுவே தலைமை ஸ்தானம். கோட்டை இருந்த இடத்தில் இப்போது புதர். ஆனால் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாயிலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிலைகள் நின்று, வருகிறவர்களை வரவேற்கின்றன! பெரிய பெரிய கற்பலகைகளில் பெயரும் தேதியும் சின்னமும் அழகாக வெட்டியிருக்கிறார்கள். வந்து இறந்த அந்நியனுக்குப் பெயர் இருக்கிறது. அவனுக்காகக் கட்டம் போட்ட துணி நெய்த நம் நெசவாளிக்குப் பெயர் இல்லை. 'பழையகாட்டுக் கைலி' என்று ஊர்ப் பெயர் மட்டும் துணியில் ஒட்டிக்கொண்டு உலகமெல்லாம் போயிற்று.

கப்பலில் துணி மட்டும் போகவில்லை. பஞ்சமும் யுத்தமும் வந்த காலங்களில் ஆயிரக்கணக்கான மக்களை அடிமைகளாக வாங்கி இங்கிருந்து பட்டேவியாவுக்கும் பிற தேசங்களுக்கும் ஏற்றி அனுப்பினார்கள். அதற்கான சான்று எங்கே? ஹாலந்து தேசத்தில் ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்தில். டச்சுக் கம்பெனியின் காகிதங்களை அங்கே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும். 2003-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ சபை அவற்றை உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. வாங்கினவன் கணக்கு வைத்திருக்கிறான். போனவர்களின் வீட்டில் எந்தக் கணக்கும் இல்லை.

எழுதாதவர்களின் கணக்கு

பழைய காகிதங்கள் நிலமுள்ளவனையும் பதவியுள்ளவனையும் பற்றியே மிகுதியாகப் பேசுகின்றன. இந்த ஜில்லாவில் இருளர் சமூகத்தார் நிறைய இருக்கிறார்கள். அவர்களுடைய சரித்திரம் எந்த ஓலையிலும் விரிவாக இல்லை. ஆனால் காகிதம் இல்லாததன் கஷ்டத்தை அவர்களைப்போல் அனுபவித்தவர்கள் இல்லை. பாட்டன் பூட்டன் பெயரில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாததனால் சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் படிப்பை நிறுத்திய பிள்ளைகளை நாம் வகுப்பிலேயே பார்த்திருக்கிறோம். அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் கொத்தடிமையாக இருந்து மீண்டவர்களுக்கோ, 1976-ஆம் வருஷத்துச் சட்டப்படி கொடுக்கும் விடுதலைச் சான்றிதழே மறுஜன்மம். அந்த ஒரு தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கூரைச் செருகலில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். ஆவணம் என்றால் என்னவென்று அவர்களுக்கு நாம் விளக்கவேண்டிய அவசியமில்லை. அவர்களுடைய பாட்டிகள் வாயால் சொல்வதை எழுதிவைப்பது ஒன்றே பாக்கி.

கும்மிடிப்பூண்டியில் ஈழத்து அகதிகள் வாழும் முகாம் ஒன்று உண்டு. வீட்டையும் ஊரையும் விட்டு ஓடிவந்தவர்கள், பையில் முதலில் எடுத்து வைத்தது பிறப்புச் சான்றிதழையும் நிலப் பத்திரத்தையுமே. அவர்களுடைய நாட்டில் 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தைக் கொளுத்தினார்கள். ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அதற்குப் பிறகு அழுதுகொண்டு மட்டும் அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. 2005 முதல் 'நூலகம்' என்ற பெயரில் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் தேடித் தேடிப் படம் பிடித்து, உலகத்திலுள்ள தமிழர் எவரும் இலவசமாகப் படிக்கும்படி செய்து வருகிறார்கள். எல்லாம் எரிந்தவர்களால் இது முடியுமானால், பெட்டி பரணிலேயே இருக்கும் நம்மால் முடியாதா?

நாம் செய்யக் கூடியது

இந்த யாத்திரையில் ஓர் உண்மை நமக்குத் தெளிவாயிற்று. கல் சென்னைக்குப் போயிற்று. செப்பேடு சென்னைக்குப் போயிற்று. ஓலை தஞ்சைக்குப் போயிற்று. டச்சுக் காகிதம் ஹேக்கில் இருக்கிறது. போனவை பிழைத்தன. போகாமல் ஊரிலேயே நின்றவை கரையானுக்கும் காகிதக்காரனுக்கும் இரையாகின்றன. திருவள்ளூர் தனி ஜில்லாவாக 1997-இல் பிறந்தது. ஆகையால் அதற்கு முந்திய சர்க்கார் காகிதங்களைச் செங்கற்பட்டு, சித்தூர், வட ஆற்காடு என்று பல பெயர்களின் கீழ்த் தேட வேண்டியிருக்கிறது. வெளியில் போனவற்றின் நகல் ஊருக்குத் திரும்பவேண்டும்; ஊரில் இருப்பவை அழியாமல் நிற்கவேண்டும். இதற்குப் பெரிய மாளிகை அவசியமில்லை. ஊர் நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ பூட்டுள்ள ஓர் இரும்பு அலமாரியும், அதில் உள்ளவற்றுக்கு ஓர் அட்டவணையும் போதும்.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடிய காரியங்களும் சில உண்டு. பழைய காகிதங்களைத் தரையில் வைக்காதீர்கள். ஈரமில்லாத அலமாரியில், சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். துருப்பிடித்த குண்டூசிகளை மெள்ளக் கழற்றிவிடுங்கள். கிழிசலுக்குப் பசை நாடா ஒட்டாதீர்கள். நாளடைவில் அது காகிதத்தைப் பழுப்பாக்கித் தின்றுவிடும். லாமினேஷன் என்ற பெயரில் பிளாஸ்டிக்குக்குள் உருக்கி அடைத்தால் பிறகு பிரிக்கவே முடியாது, அதையும் செய்யாதீர்கள். ஓலைச் சுவடி இருந்தால், பிரிந்து உடையும்படி புரட்டாமல் விஷயமறிந்தவர்களிடம் காட்டுங்கள். இன்றைக்கு எல்லார் கையிலும் படம் பிடிக்கும் டெலிபோன் இருக்கிறதே! முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பூட் துரை செய்ததைச் செய்யுங்கள்: இது யாருடையது, எந்த ஊர், யார் கொடுத்தார், எந்தத் தேதியில் கிடைத்தது என்று ஒரு தனிச் சீட்டில் பென்சிலால் எழுதிக் கூடவே வையுங்கள். கல்யாணப் போட்டோவின் பின்னால் அதில் நிற்பவர்களின் பெயரை இன்றே எழுதுங்கள்; பாட்டி இருக்கும்போதே எழுதுங்கள்.

உயிரோடு இருப்பவர்களின் அந்தரங்கம் அடங்கிய காகிதங்களை ஊரறியக் காட்டவேண்டியதில்லை. பத்திரப்படுத்துவது வேறு, பறைசாற்றுவது வேறு. அந்த வித்தியாசத்தை மறக்காமல் இருந்தால் போதும்.

கர்ணத்தின் வீட்டுப் பெட்டியைப் பற்றி நேயர்கள் கேட்கக்கூடும். பெரியவர் அதைப் பழைய பேப்பர்காரனிடம் போடவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நால்வர் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகத் தூசி தட்டிப் படம் எடுத்து, நோட்டுப் புத்தகத்தில் பதிந்தார்கள். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு தாள்கள். மூலங்கள் அவர் வீட்டிலேயே இருக்கின்றன. பெட்டி மட்டும் புதிது. ஏரி மதகு பழுது பார்த்த கணக்கைப் படித்த பையன் ஒருவன், அதில் கூலி வாங்கியவர்களின் ஜாபிதாவில் தன் கொள்ளுப்பாட்டனாரின் பெயரைக் கண்டான். நாலணாக் கூலி. அந்த வரியை அவன் நோட்டில் இரண்டு தடவை எழுதி வைத்திருக்கிறான்.